சேற்றை அள்ளுவதற்கு முன்னால் போட்டோ எடுங்கள்

போன ஐப்பசி மழையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற மேட்டு மண் இறங்கி சமையலறைச் சுவரைத் தள்ளிவிட்டது. ராத்திரி இரண்டு மணி. 1077க்குப் போன் செய்தோம், விடிவதற்குள் ஆள் வந்து பள்ளிக்கூடத்தில் தங்க வைத்தார்கள். அதுவரைக்கும் ஒரு குறையும் இல்லை.

தப்பு செய்தது நான். பாத்திரமெல்லாம் சேற்றுக்குள் கிடக்கிறதே என்று மறுநாளே அக்கம்பக்கத்தாரைக் கூட்டி மண்ணை அள்ளி, விழுந்த செங்கல்லை ஓரமாக அடுக்கி, தார்ப்பாயும் கட்டிவிட்டேன். நாலாம் நாள் சேதம் பார்க்க வந்தவர், "இந்த மழையில்தான் விழுந்ததுன்னு என்னம்மா அத்தாட்சி? பழைய இடிசல் மாதிரி இருக்கே" என்றார். எனக்குக் கை கால் நடுங்கிவிட்டது. நல்லவேளை, எதிர்வீட்டு அக்கா மகன் விடிகாலையிலேயே படம் எடுத்து கூட்டாளிகளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தான். சேற்றுக்கு வெளியே எங்கள் குக்கர் கைப்பிடி மட்டும் நீட்டிக்கொண்டிருக்கிற படம். தேதி, நேரத்தோடு அதைப் பிரிண்ட் போட்டுக் கொடுத்த பிறகுதான் நிவாரண மனு நகர்ந்தது.

அப்புறம் பட்டா. இன்னும் மாமனார் பேரில்தான் இருக்கிறது, அவர் போய் பதினோரு வருஷம். வாரிசு சான்றிதழ் கேட்டார்கள், கொண்டுபோனேன். அப்போதுதான் கொழுந்தனாரும் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்கிறார்கள். அவர் திருப்பூரில் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு, மேட்டுப்பாளையத்தில் பஸ் மாறி வந்து சேர்ந்தால், அதிகாரி கேம்ப் போய்விட்டாராம். என்னென்ன காகிதம், யார் யார் வர வேண்டும் என்று முதல் நாளே மொத்தமாகக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், கிளம்பும் முன் ஒரு போன் போட்டுவிடுங்கள். வி.ஏ.ஓ. சான்று ஒரே நாளில் கிடைத்தது.

கடைசியில் வந்தது 6,500 ரூபாய். பேரிடர் நிவாரண விதிப்படி காரை வீட்டின் பகுதிச் சேதத்துக்கு அவ்வளவுதான், அதற்கும் குறைந்தது 15 சதவீதமாவது சேதமாகியிருக்க வேண்டும். மலைப்பகுதியில் வீடே முழுதாகப் போனால் 1,30,000. அந்த நிவாரணத்தில் விழுந்ததற்குத்தான் பணம், விழாமல் தடுக்க ஒரு ரூபாய் கிடையாது. தடுப்புச் சுவர் கேட்டதற்கு "உங்க இடம், நீங்கதான் கட்டிக்கணும்" என்று முகத்தைக்கூடப் பார்க்காமல் சொன்னார் ஒரு எழுத்தர். 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் கொட்டி, எங்கள் நீலகிரி மாவட்டத்தில் 40 பேருக்கு மேல் மண்ணுக்குள் போனதைப் பார்த்தவர்கள் நாங்கள். அப்போதெல்லாம் மழை வந்தால் பிள்ளைகளைப் பின் அறையில் படுக்க வைக்க மாட்டேன்.

வழி சொன்னது வார்டு உறுப்பினர்தான். அந்த மேட்டின் மேல் ஊர் நடைபாதை போகிறது. "வீட்டுக்குச் சுவர்னு எழுதாதீங்க, நடைபாதை சரியுதுன்னு எழுதுங்க" என்றார். பொய்யில்லை, பாதை ஓரம் ஒரு முழத்துக்கு வெடித்துத்தான் கிடந்தது. பாதையில் நடக்கிற இருபத்தொரு வீட்டுக்காரர்களிடம் கையெழுத்து வாங்கி, ஊட்டி கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுத்தோம். மனு ரசீதை மட்டும் தொலைத்துவிடாதீர்கள், ஒவ்வொரு தடவையும் அந்த எண்ணைச் சொன்னால்தான் பதில் வருகிறது. மூன்றாம் வாரம் இன்ஜினியர் டேப்போடு வந்து அளந்தார், மாசியில் வேலை முடிந்தது.

வேலை நடக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். சுவரில் தண்ணீர் வடிய பைப் வைக்காமல் பூசப் பார்த்தார்கள். பின்னால் தேங்குகிற தண்ணீர்தான் சுவரைத் தள்ளும், அதனால் விடவில்லை, நாலடிக்கு ஒன்று வைக்கச் சொல்லி நின்றேன். ஆனி மழையில் எல்லாப் பைப்பிலும் செம்மண் தண்ணீர் வடிந்தது. அன்றைக்குத்தான் பிள்ளைகளைப் பின் அறையில் படுக்க விட்டேன்.