பிங்பாங் பந்து மாதிரி ஒரு பள்ளம்

நேற்று இரவு டியூட்டியில் ஐந்து மாதக் குழந்தை. கட்டிலில் இருந்து விழுந்ததாம். அது அழுது ஓய்ந்து பால் குடித்துக்கொண்டிருந்தது, பாட்டிதான் நடுங்கிக்கொண்டிருந்தார். வலது காதுக்கு மேலே கட்டைவிரல் பதிகிற அளவுக்குப் பள்ளம். பிங்பாங் பந்தை அழுத்தினால் உள்வாங்குமே, அதேதான். இந்த வயதில் மண்டையெலும்பு மெல்லியது, வளையும். உடைந்து சிதறாமல் குழிந்துவிடும்.

சி.டி.யில் ரத்தக்கசிவு இல்லை. ஆனால் ஆழம் 1 செ.மீ., தானாக எழும்பும் என்று காத்திருக்க மனம் வரவில்லை. காலையில் பள்ளத்தின் ஓரத்தில் சின்னத் துளை போட்டு, தட்டையான கருவியை எலும்புக்கும் மூளையுறைக்கும் நடுவே நுழைத்து மெல்ல நெம்பினோம். ‘டப்’ என்று எழும்பியது! இத்தனை வருடமாகியும் அந்தச் சத்தம் அலுக்கவில்லை.

மூளையுறை கிழியவில்லை, நல்லவேளை. கிழிந்திருந்தால் எலும்பில் விழுந்த விரிசல் ஆறாமல் மாதக்கணக்கில் அகலக்கூடும். எதற்கும் செக்கப்புக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.

பாட்டிக்கு ஒரே கேள்விதான்: “தலைக்கு எண்ணெய் வைக்கலாமா டாக்டர்?”

தையல் பிரிக்கிற வரைக்கும் வேண்டாம் பாட்டி.