ஜப்தி நாட்கள்

ஜூன் 9, 2025, திங்கள்

அண்ணன் வாங்கிய கடனுக்காக என் சம்பளத்தை ஜப்தி செய்யும் கோர்ட் உத்தரவு அலுவலகத்துக்கு வந்துவிட்டது. மேலாளர் கதவைச் சாத்திவிட்டுத்தான் என்னிடம் காட்டினார். அதற்கே அவருக்குப் புண்ணியம்.

இரவு கணக்குப் போட்டேன். மொத்தச் சம்பளம் 37,000. முதல் ஆயிரத்தைத் தொடக் கூடாது. மீதி 36,000-இல் இரண்டு பங்கு எனக்கு, ஒரு பங்கு கோர்ட்டுக்கு. நான்கு முறை போட்டும் 12,000தான் வருகிறது. அந்த ஆயிரம்கூட 2002 வரை வெறும் 400ஆக இருந்ததாம். இன்று எங்கள் வீட்டுப் பால் கணக்குக்கே ஆயிரம் காணாது.

ஜூன் 10

அண்ணன் போனை எடுக்கவில்லை.

ஜூன் 14, சனி

வக்கீல் குமாஸ்தாவிடம் கைதைப் பற்றித்தான் முதலில் கேட்டேன். பணத் தீர்ப்புக்காகப் பெண்ணைக் கைது செய்ய சிவில் நடைமுறைச் சட்டத்தின் 56ஆவது பிரிவு இடம் தராது என்றார். மூச்சு வந்தது. ஆனால் சொத்து விவரத்தை உறுதிமொழிப் பத்திரமாகத் தரச் சொல்லிக் கோர்ட் உத்தரவிட்டால் தந்தே ஆக வேண்டுமாம். மதிக்காமல் விட்டால் மூன்று மாதம் வரை சிவில் சிறை என்று விதியிலேயே இருக்கிறது. வாய்தா 20ஆம் தேதி.

சமையல் பாத்திரம், படுக்கை, உடுதுணி, தாலி இவற்றை ஜப்தி செய்ய முடியாது. தையல் மெஷின்? தையல்காரியாக இருந்தால் அது தொழில் கருவி, தப்பித்துவிடும். நான் எழுத்தர். அரிசி டப்பாவுக்குள் புதைத்து வைத்திருக்கும் இரண்டு வளையல்? மகளுக்கென்று எடுத்தவை, ஒவ்வொன்றும் ஒரு சவரன். "எழுதாதே. யார் வந்து அரிசியைக் கிளறப் போகிறார்கள்?" என்கிறாள் அம்மா.

ஜூன் 17

புரோநோட்டின் நகல் கிடைத்தது. ரெவின்யூ ஸ்டாம்ப்பின் மேல் அண்ணனின் கையெழுத்து, கீழே என்னுடையது. என் கடைசி எழுத்தின் வால் ஸ்டாம்ப்பின் ஓரத்தில் ஏறி நிற்கிறது. "சும்மா ஒரு பேருக்குத்தான் பாப்பா" என்றான் அன்று. வாங்கியவனைப் பிடித்த பிறகுதான் ஜாமீன் போட்டவரிடம் வருவார்கள் என்று இத்தனை நாளும் நம்பியிருந்தேன். இருவருக்கும் ஒரே பொறுப்பு என்று 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டமே சொல்கிறது.

ஜூன் 19

கடன் கொடுத்தவரைப் பஸ் நிலையத்தில் பார்த்தேன். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவரும் குனிந்துகொண்டார். ஓய்வு பெற்ற ஆசிரியர். எங்களுக்குக் கொடுத்தது பணிக்கொடைப் பணம். கோர்ட்டே ஜப்தி செய்ய முடியாத பணம் அது. அதைத் தன் கையாலேயே எண்ணிக் கொடுத்தார், என் கையெழுத்தையும் நம்பி.

ஜூன் 20

சொத்து விவரத்தில் வளையல்களையும் எழுதிவிட்டேன். அம்மா இரவு சாப்பிடவில்லை.

ஜூன் 25

24 மாதம். ஒரே தீர்ப்புக்காக அத்தனை மாதம் பிடித்துவிட்டால், அதே தீர்ப்புக்காக மறுபடி என் சம்பளத்தைத் தொட முடியாது. 24 மாதத்துக்கு 2,88,000. தீர்ப்புத் தொகையோ செலவோடு சேர்த்து 3,41,600. துண்டு விழுவது 53,600, மேலே ஓடும் வட்டி தனி. "இரண்டு வருஷம் பல்லைக் கடித்துக்கொள், விட்டுப்போகும்" என்கிறார்கள் அலுவலகத்தில். விட்டுப்போவது சம்பளப் பிடித்தம் மட்டும். கடன் எங்கே போகும்? தீர்ப்பை நிறைவேற்றக் கேட்க அவருக்கு 12 ஆண்டு அவகாசம் இருக்கிறது. அவர் கேட்காமலே இருந்தாலும் அது அவருடைய பணம்.

ஜூன் 30, திங்கள்

சம்பளம். வழக்கமான பிடித்தங்களுக்குக் கீழே ஒரு புதிய வரி: கோர்ட் பிடித்தம் 12,000. டியூஷன் கட்டணம் கட்டிவிட்டேன். கேஸ் சிலிண்டர் அடுத்த மாதம்.

ஜூலை 2

அண்ணி பேசினாள். பின்னால் அண்ணன் இருமுவது கேட்டது. அவன் பேசவில்லை.

ஜூலை 5, சனி

இன்றைய தங்க விலைக்கு ஒரு வளையலே 53,600-க்கு மேல் போகும். ஆசிரியர் வீட்டுக்கே போய்க் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். கோர்ட்டுக்கு வெளியே கொடுத்ததைக் கோர்ட்டில் பதிவு செய்யாவிட்டால் கொடுத்ததாகவே கணக்கில் வராதாம். திங்களன்று குமாஸ்தாவைக் கேட்க வேண்டும்.

அரிசி டப்பாவைத் திறந்து கையை விட்டேன். இரண்டும் இருந்தன. வெளியே எடுப்பதற்குள் மகள் எழுந்து வந்துவிட்டாள்.