சேட்டக் ஸ்கூட்டரில் கியர் கேபிளைத் தேடிப் பிடித்து மாற்றியது

அப்பாவின் பஜாஜ் சேட்டக்கை மறுபடி ஓட்டும் நிலைக்குக் கொண்டுவரும் வேலையில் இப்போது கியர் கேபிளுக்கு வந்திருக்கிறேன். எஞ்சின் ஸ்டார்ட் ஆகிறது, பிரேக் பிடிக்கிறது. முதல் கியர் விழுகிறது. ஆனால் மூன்று, நான்குக்குத் திருப்பினால் பிடி மட்டும் தளர்வாகச் சுற்றுகிறது, கியர் மாறுவதில்லை. வருஷக்கணக்கில் நின்ற வண்டி, கேபிள் துருப்பிடித்திருப்பதில் ஆச்சரியமில்லை.

இந்த வண்டிக்குக் கியர் காலில் கிடையாது, இடது கைப்பிடியில். மேல்நோக்கித் திருப்பினால் முதல் கியர், பிறகு நியூட்ரல், அப்புறம் கீழ்நோக்கி இரண்டு, மூன்று, நான்கு. கேபிளால் இழுக்கத்தான் முடியும், தள்ள முடியாது. அதனால்தான் இரண்டு கியர் கேபிள்: ஒன்று இரண்டு, மூன்று, நான்கு பக்கம் இழுக்கும், இன்னொன்று முதல் கியர் பக்கம். இது புரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. ஒரு திசையில் கியர் விழுந்து இன்னொரு திசையில் விழாவிட்டால், பெரும்பாலும் ஒரு கேபிளில்தான் கோளாறு. விழுந்த கியர் ஓடும்போது தானாக நழுவினால் விஷயம் வேறு. கேபிள் செட்டிங் சரியாக இருந்தும் அப்படி நழுவினால், கியர்பாக்ஸுக்குள் இருக்கும் சிலுவை வடிவச் செலக்டர் (கியரைத் தேர்ந்து பூட்டும் பாகம்) தேய்ந்திருக்கலாம். அதற்கு எஞ்சினைப் பிரிக்க வேண்டும்.

கீழ் முனையை முதலில் பார்த்தேன். வண்டியின் பின்பக்கத்தை மரக்கட்டை மேல் ஏற்றி, அடியில் பழைய சாக்கை விரித்துப் படுத்தால், எஞ்சினுக்கு அடியில் ஒரு சிறிய கவர் தெரியும். அதுதான் கேபிளின் இழுப்பைக் கியர்பாக்ஸுக்குக் கொண்டுபோகும் செலக்டர் பெட்டி. சேறும் ஆயிலும் சேர்ந்து கெட்டியாகிப்போன பூச்சை மண்ணெண்ணெயில் கழுவிய பிறகுதான் நட்டே கண்ணில் பட்டது. கவரை எடுத்ததும், இரண்டு கேபிள்களும் ஒரே நெம்புகோலின் இரு பக்கத்தில் கிளாம்ப் ஸ்க்ரூவால் பிடிக்கப்பட்டிருப்பது தெரிந்தது. மச்சானை ஹேண்டில் பிடியைத் திருப்பச் சொல்லிக் கீழே கவனித்தேன். ஒன்று விறைத்தது, மற்றது தொய்ந்தே கிடந்தது. எதை மாற்ற வேண்டும் என்பது அங்கேயே முடிவாகிவிட்டது. எதையும் கழற்றும் முன் இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள், வீண் வேலை மிச்சம்.

மேல் முனை ஹெட்லைட்டுக்குப் பின்னால் இருக்கிறது. ஹெட்லைட்டைக் கழற்றி வயர்களை ஒதுக்கினால், கைப்பிடிக் குழாயின் நுனியில் ஒரு புல்லி. இரண்டு இன்னர்களின் (கேபிளுக்குள் ஓடும் கம்பி) நிப்பிளும், அதாவது நுனிக் குமிழும், அதில்தான் மாட்டியிருக்கும். என் வண்டியில் நிப்பிளை ஒட்டியே இழைகள் பிரிந்து, இரண்டு மூன்று மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தன.

இன்னர் மட்டும் போயிருந்தால் வேலை எளிது. கீழே கிளாம்ப்பைத் தளர்த்தி, மேலிருந்து உருவி, புதியதில் கிரீஸ் தடவி அதே அவுட்டருக்குள் (கேபிளின் வெளிக்குழாய்) தள்ளினால் போதும். என் அவுட்டரும் உள்ளே துருவேறி இறுகியிருந்ததால் இரண்டையும் மாற்ற வேண்டியதாயிற்று. அவுட்டர் ஹேண்டிலிலிருந்து இறங்கி, பாடிக்குள் நுழைந்து, ஃபுட்போர்டின் அடியே போய், எஞ்சின் பக்கம் வெளியே வருகிறது. நடுவில் கையோ கண்ணோ எட்டாது. முன்னால் ஹாரனை மூடியிருக்கும் கவரைக் கழற்றினால் பாடிக்குள் நுழையும் இடம் மட்டும் தெரியும். பழைய அவுட்டரை வெறுமனே உருவிவிட்டால் புதியதற்கு வழிகாட்ட ஒன்றும் இருக்காது. அதனால் பழையதையே வழிகாட்டியாக வைத்துக்கொண்டேன். பழைய இன்னரை உருவிவிட்டு, புதிய அவுட்டரின் நுனியைப் பழைய அவுட்டரின் மேல் நுனியோடு நேருக்கு நேர் ஒட்டவைத்து, இரண்டுக்கும் உள்ளே ஒரு நீளமான மெல்லிய கம்பியைச் செருகி, மூட்டின் மேல் டேப்பை இறுக்கமாகச் சுற்றினேன். டேப் தடித்துவிடக் கூடாது, வளைவில் சிக்கும்.

"மாப்ள, நீங்க தள்ளுங்க, நான் கீழ இருந்து இழுக்கிறேன்" என்று மச்சான் சாக்கில் படுத்துக்கொண்டார். பாடிக்குள் நுழையும் வளைவில் நின்றுவிட்டது. பலமாக இழுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஹேண்டிலை இடமும் வலமும் மெல்லத் திருப்பினேன். வளைவு தளர்ந்து தானாக நகர்ந்தது. மூட்டு கீழே வெளிவந்தபோது இருவர் கையும் கறுப்பு.

கேபிளை ஜி.பி. ரோட்டில் வாங்கினேன். சென்னையில் பழைய ஸ்கூட்டர் வைத்திருப்பவர்களுக்கு அந்தத் தெரு இன்னும் பெரிய துணை. பழைய கேபிளைக் கையில் கொண்டுபோய் நீளத்தையும் நிப்பிளையும் ஒப்பிட்டு வாங்குவது நல்லது.

செட்டிங்குக்குத்தான் பொறுமை வேண்டும். கீழே செலக்டர் பெட்டியின் நெம்புகோலை நியூட்ரலில் நிறுத்தி, மேலே பிடியின் குறியையும் நியூட்ரலுக்கு நேராக வைத்து, மச்சானை அதை அசையாமல் பிடிக்கச் சொல்லிவிட்டு, கட்டிங் பிளேயரால் இன்னரை இழுத்துக் கிளாம்ப்பை முடுக்கினேன். வீணைத் தந்தி போல விறைப்பாக்கக் கூடாது, பிடியில் துளி ஆட்டம் இருக்க வேண்டும். பின்சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே ஒவ்வொரு கியராகப் போட்டுப் பார்த்தேன். மூன்று விழுந்தது, நான்கு பாதியில் நின்றது. கேபிளின் விறைப்பைக் கூட்டிக் குறைக்கும் அட்ஜஸ்டரைக் கொஞ்சம் திருகியதும் நான்கும் 'டக்' என்று உட்கார்ந்தது. லாக் நட்டை இறுக்கி, கைப்பிடிக் குழாய்க்கும் கிரீஸ் வைத்து மூடினேன்.

தெருவைச் சுற்றி ஓட்டியதில் நான்கு கியரும் சுத்தமாக விழுகின்றன. புதிய கேபிள் ஓட ஓடக் கொஞ்சம் தளரும், அதனால் சில நாள் கழித்து அட்ஜஸ்டரை மறுபடி பார்க்க வேண்டும். அடியில் படுத்திருந்தபோது கிளட்ச் கேபிளின் நுனியிலும் இழை பிரிந்திருப்பதைப் பார்த்தேன். அதன் அவுட்டரும் ஃபுட்போர்டுக்கு அடியில் இதே வழியில்தான் போகிறது. அடுத்த ஞாயிறு அதுதான் வேலை.