நலமாக இருக்கும் நாட்களின் வேலை

மனம் சில காலம் உச்சத்துக்கு ஏறி, சில காலம் சோர்வில் விழும் பைபோலார் கோளாறோடு வாழ்பவர்களுக்காக இணையவழியில் ஓர் ஆதரவுக் குழுவை நடத்துவதுதான் என் வேலையின் பெரும்பகுதி. மனநல ஆலோசனை படித்தேன், சில காலம் ஆட்களை நேரில் பார்த்துப் பேசினேன், அப்புறம் இந்தப் பக்கம் வந்தேன். வாரம் ஒருமுறை வீடியோ சந்திப்பு, பகலில் எழுதிப் பேசிக்கொள்ள ஓர் அறை, புதியவர்களுக்குத் தொடர் வகுப்பு, குடும்பத்தாருக்குத் தனி அறை. எங்கள் அமைப்பு இவ்வளவுதான். நோயைக் கண்டறிவதும் மருந்து எழுதுவதும் மனநல மருத்துவரின் பொறுப்பு. மருத்துவரை ஒருமுறை பார்த்துவிட்டு அடுத்தமுறை பார்க்கும்வரை வாரக்கணக்காக நீளும் நாட்கள் இருக்கின்றனவே, அந்த நாட்களுக்காகத்தான் நாங்கள் இருக்கிறோம்.

புதிதாக வருபவர்களிடம் நிம்மதியும் கோபமும் சேர்ந்தே இருக்கும். கடைசியில் இதற்கு ஒரு பெயர் கிடைத்ததே என்ற நிம்மதி. இத்தனை வருடம் யாரும் ஏன் சொல்லவில்லை என்ற கோபம். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் தாமதத்துக்கான காரணம் இந்த நோயின் இயல்பிலேயே இருக்கிறது. மனம் கீழே கிடக்கும்போதுதான் ஒருவர் மருத்துவரிடம் போகிறார். உச்சத்தில் இருக்கும்போது அவருக்கு எந்தக் குறையும் தெரிவதில்லை. வாழ்க்கையிலேயே இப்போதுதான் நன்றாக இருக்கிறோம் என்று நினைக்கிறார். மருத்துவர் கேட்டாலும் அந்த நாட்களை நோயாகச் சொல்லத் தோன்றாது. டிப்ரஷன் என்ற பெயரிலேயே வருடங்கள் ஓடிவிடுகின்றன. சிலருக்கு டிப்ரஷன் மாத்திரையை மட்டும் தனியாகக் கொடுத்தபோது மனம் ஒரேயடியாக உச்சத்துக்கு ஏறி, அதன் பிறகே விஷயம் புரிந்திருக்கிறது.

மனநோய்களை வரையறுக்கும் டிஎஸ்எம்-5 கையேட்டின்படி, மனதின் இந்த எழுச்சி குறைந்தது 7 நாட்கள் நீடித்தாலோ மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்குப் போனாலோ அது மேனியா. அதைவிட மிதமாக, குறைந்தது 4 நாட்கள் நீடித்தால் ஹைப்போமேனியா. வகுப்பில் இதைச் சொல்லும்போது, எப்போதோ கடந்துபோன ஒரு வாரம் நினைவுக்கு வந்து சிலருடைய முகம் மாறுவதைத் திரையில் பார்த்திருக்கிறேன். 2019-ல் உலகம் முழுவதும் சுமார் 4 கோடிப் பேர் பைபோலாரோடு வாழ்ந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது என்பதையும் அந்த வகுப்பிலேயே சொல்லிவிடுவேன். தன் குடும்பத்தில் மட்டும், தனக்கு மட்டும் நேர்ந்த விபரீதம் என்று நம்பிக்கொண்டிருந்த ஒருவருக்கு அந்த எண் தேவைப்படுகிறது.

இந்த வேலையில் எனக்கு மெல்ல மெல்லப் புரிந்த ஒன்று, நாம் எழுதுவதை வாசிக்கும் ஒரே மனிதர் மூன்று விதமாக வருகிறார் என்பது. மனச்சோர்வில் இருப்பவரால் நான்கு வரிக்கு மேல் படிக்க முடியாது. படிக்க முடியவில்லையே என்ற குற்ற உணர்ச்சி வேறு சேர்ந்துகொள்ளும். அவருக்கு அக்கறையோடு அனுப்பும் இருபது பக்கக் கையேடு ஒரு சுமை. எழுச்சியில் இருப்பவர் எல்லாவற்றையும் படிப்பார், எல்லாவற்றுக்கும் பதில் எழுதுவார், ஆனால் அதில் எதுவும் தன்னைப் பற்றியது என்று அவருக்குத் தோன்றாது. மூன்றாவது ஆள் நலமாக இருப்பவர். அவருக்கு இதைப் பற்றி நினைக்கவே பிடிக்காது. வந்தது வந்து போய்விட்டது, இனி எதற்கு அதைக் கிளற வேண்டும் என்பார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் கற்றுக்கொள்ளக்கூடியவர் அந்த மூன்றாவது ஆள்தான். அவரைப் பிடித்து உட்காரவைப்பதுதான் எங்கள் வேலையில் மிகக் கடினமான பகுதி என்று நினைக்கிறேன். நெருக்கடியில் ஓடிப்போய் உதவுவதைவிட இது கடினம்.

நலமாக இருக்கும்போது கற்பது பலன் தரும் என்பதற்கு ஆய்வு ஆதாரம் இருக்கிறது. பார்சிலோனாவில் பிரான்செஸ்க் கொலோம், எட்வார்ட் வியேட்டா ஆகியோரின் குழு நடத்திய ஆய்வு 2003-ல் வெளியானது. 120 பேர், எல்லோரும் குறைந்தது ஆறு மாதமாக நிலையாக இருந்தவர்கள், எல்லோருக்கும் வழக்கமான மருந்து உண்டு. பாதிப் பேருக்கு 21 குழு வகுப்புகள் நடத்தினார்கள். மீதிப் பேர் பாடம் எதுவும் இல்லாமல் அதேபோலக் கூடிப் பேசினார்கள். இரண்டு வருட முடிவில், பாடம் இல்லாமல் கூடியவர்களில் 92 சதவீதத்தினருக்கு நோய் திரும்பியது. பாடம் படித்தவர்களில் 67 சதவீதத்தினருக்குத் திரும்பியது. இந்த 67-ஐ நான் மறைப்பதில்லை. படித்தவர்களிலும் மூன்றில் இரண்டு பேருக்குத் திரும்பியிருக்கிறது. அதை முதலிலேயே சொல்லிவிட்டால், அடுத்த எபிசோட், அதாவது நோய் மறுபடி தலைதூக்கும் காலம், வரும்போது ‘நான் தோற்றுவிட்டேன்’ என்று அவர்கள் குழுவைவிட்டு விலக மாட்டார்கள் என்பது என் எண்ணம்.

சரி, அந்த வகுப்புகளில் என்னதான் செய்கிறோம்? பெரும்பாலும் ஒவ்வொருவரும் தன் எச்சரிக்கை அறிகுறிகளைத் தன் சொந்த வார்த்தைகளில் எழுதுகிறார்கள். ‘தூக்கம் குறையும், பேச்சு கூடும், செலவு கூடும்’ என்று புத்தகத்தில் இருப்பதை எழுதினால் நான் ஏற்பதில்லை. உங்களுக்கு முதல் நாள் என்ன நடக்கும் என்று கேட்பேன். ஒருவர் பழைய நண்பர்கள் எல்லோருக்கும் வரிசையாகச் செய்தி அனுப்பத் தொடங்குவார். இன்னொருவருக்குப் பாட்டில் இதுவரை கேட்காத வாத்தியங்கள் எல்லாம் தனித்தனியாகக் கேட்கும். ஒருவர் நோட்டுப் புத்தகங்களாக வாங்கிக் குவிப்பார். இவை தனியாகப் பார்த்தால் நோயே இல்லை. அந்த மனிதருக்கு மட்டும், தூக்கம் குறைவதோடு சேர்ந்து வந்தால் மட்டும், அர்த்தம் உள்ளவை.

தூக்கத்தைப் பற்றி என்னைவிட உறுப்பினர்கள்தான் நன்றாகச் சொல்வார்கள். தூக்கம் வராமல் புரண்டு, காலையில் அடித்துப்போட்டதுபோல எழுவது ஒன்று. மூன்று மணி நேரம் தூங்கிவிட்டு, முழு இரவும் தூங்கியவர்போலத் துள்ளி எழுவது வேறு. ‘முதலாவது வந்தால் டாக்டரிடம் அடுத்தமுறை போகும்போது சொல்லுங்கள், இரண்டாவது வந்தால் இன்றைக்கே கூப்பிடுங்கள்’ என்று ஓர் உறுப்பினர் புதியவருக்குச் சொன்னார். நான் பாடம் எடுத்தால் ‘உங்களுக்கு என்ன தெரியும்’ என்ற பார்வை சில சமயம் வரும். அவருக்கு அது வருவதில்லை.

எழுத்து அறையில் என்னை அதிகம் கவலைப்படுத்துவது சோகமான பதிவுகள் என்று பலர் நினைக்கிறார்கள். சந்தோஷமான பதிவுகள் சில அதைவிட அதிகமாகக் கவலைப்படுத்தும். மாதக்கணக்கில் மௌனமாக இருந்த ஒருவர் வந்து, எல்லாம் தெளிவாகிவிட்டது, வேலையை விடப்போகிறேன், புதிதாக ஒன்று தொடங்கப்போகிறேன் என்று எழுதுகிறார். கீழே இதயக் குறிகளும் கைதட்டல்களும் குவிகின்றன. எல்லோருக்கும் நல்ல எண்ணம்தான். ஆனால் ஏறிக்கொண்டிருக்கும் மனதுக்கு அந்தக் கைதட்டல் எரிகிற நெருப்பில் எண்ணெய். அதற்காக, சந்தோஷமாக எழுதுபவரிடமெல்லாம் ‘நேற்று எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள்?’ என்று கேட்க ஆரம்பித்தால் அது வேறு வகைக் கொடுமை. ‘எனக்குச் சந்தோஷப்படக்கூட உரிமை இல்லையா?’ என்று ஒருவர் கேட்டது குழுவில் நெடுநேர விவாதமானது.

அந்த விவாதத்திலிருந்து உறுப்பினர்களே ஒரு வழியைக் கண்டுபிடித்தார்கள். நலமாக இருக்கும்போதே ஒவ்வொருவரும் எழுதி வைத்துவிடுகிறார்கள்: என்னிடம் இந்தக் கேள்வியை யார் கேட்கலாம், எந்த வார்த்தைகளில் கேட்கலாம், பொதுவில் கேட்கலாமா தனியாகக் கேட்க வேண்டுமா, நான் கோபப்பட்டால் அடுத்து யாரைக் கூப்பிட வேண்டும். ஒருவர், ‘நீ ஹையாக இருக்கிறாய் என்று மட்டும் சொல்லாதீர்கள், உன் பட்டியலில் மூன்றாவது வரியைப் பார் என்று சொல்லுங்கள்’ என எழுதியிருந்தார். கேட்பவர் அவர் தேர்ந்தெடுத்த ஆள், வார்த்தைகள் அவர் தந்தவை. அப்படியிருந்தும் சில நேரம் பலிக்காது. ஆனாலும் வெளியிலிருந்து யாரோ கண்காணிக்கிறார்கள் என்ற அவமானம் இதில் இல்லை. எங்கள் வேலையில் நான் பார்த்தவற்றில் இதைத்தான் மிக மதிப்பாக நினைக்கிறேன்.

இணையம் என்ற ஊடகமே தூக்கத்துக்கு எதிரி. அதனால் இரவு ஒன்பது மணிக்கு எழுத்து அறையை மூடிவிடுகிறோம். அதன் பிறகு எழுதுவது காத்திருப்பில் நிற்கும். காலையில் எழுதியவரே ஒருமுறை வாசித்துச் சம்மதித்தால்தான் மற்றவர்களுக்குத் தெரியும். இரவு முழுக்க எழுதிய பத்துப் பதிவுகளைக் காலையில் தானே எடுத்துவிட்டவர்கள் உண்டு. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தெரியும் செய்தி மட்டும் காத்திருக்காது. உதவி எண்கள் உடனே திரையில் வரும், பணியில் இருப்பவருக்கும் அறிவிப்பு போகும். அவசர நேரத்தில் யாரை அழைக்கலாம் என்ற ஒப்புதலைச் சேரும்போதே வாங்கிவிடுகிறோம். அந்த எண்ணம் இருக்கிறதா என்று நேராகக் கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக வந்துவிடாது. சுற்றி வளைத்துப் பேசினால்தான் அவர் இன்னும் தனியாகிறார்.

மருந்தைப் பற்றிப் பேசலாம், அளவைப் பற்றி மட்டும் பேசக்கூடாது. இதில் நாங்கள் விட்டுக்கொடுப்பதே இல்லை. லித்தியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1949-ல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் மேனியாவுக்கு அது பலன் தருவதை எழுதினார். இன்றும் அது முதல் வரிசை மருந்து. ஆனால் ரத்தத்தில் லிட்டருக்கு 0.6-லிருந்து 1.0 மில்லிமோல் வரை இருந்தால் பொதுவாக மருந்து, 1.5-ஐத் தாண்டினால் விஷமாகத் தொடங்குகிறது. இந்த அளவைப் பார்க்க, கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்க வேண்டும். சாதாரண வலிக்குப் போடும் ஐபுப்ரோஃபென் அந்த அளவை ஏற்றிவிடும். வாந்தி பேதியால் நீர்ச்சத்து குறைந்தாலும் ஏறும். இதே நோய்க்குத் தரும் லாமோட்ரிஜின் என்றால் வேறு கணக்கு: மிக மெதுவாக ஏற்ற வேண்டும், தோலில் தடிப்பு வந்தால் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும், பல நாட்கள் விட்டுவிட்டுப் பழைய அளவிலேயே மறுபடி தொடங்கக் கூடாது. வால்ப்ரோயேட் என்ற இன்னொரு மருந்து கருவில் இருக்கும் குழந்தையைப் பாதிக்கும் என்பதைப் பெண்கள் பலருக்கு யாரும் சொல்லவே இல்லை என்று குழுவில் கேட்டபோது எனக்கு உண்மையிலேயே ஆத்திரம் வந்தது. அப்படிப்பட்டவர்களுக்கும் நாங்கள் சொல்வது, மாத்திரையைத் தானாக நிறுத்தாமல் உடனே மருத்துவரிடம் பேசுங்கள் என்பதுதான். இந்த நிலையில் ‘நான் பாதியாகக் குறைத்துவிட்டேன், நன்றாக இருக்கிறது’ என்ற ஒரு வரியை அறையில் விட்டுவைக்க முடியாது. ‘கை நடுங்குகிறது, டாக்டரிடம் எப்படிச் சொல்வது?’ என்று கேட்டால், அதற்கு நூறு பதில்கள் வரட்டும்.

மாத்திரையை நிறுத்த விரும்புபவர்கள் எல்லோரும் அறியாமையால் அப்படி நினைப்பதில்லை. உச்சத்தில் இருந்த தங்களையே அவர்கள் இழந்து ஏங்குகிறார்கள். அந்த வேகம், அந்தத் துணிச்சல், கவிதை தானாகக் கொட்டிய இரவுகள். லித்தியத்தைத் திடீரென நிறுத்தினால் மேனியா சீக்கிரமே திரும்பும் ஆபத்து அதிகம் என்பதை அவர்களும் அறிவார்கள். தெரிந்துகொண்டேதான் ஏங்குகிறார்கள். அந்த இழப்பை இழப்பாகவே ஒப்புக்கொண்டு பேசும் ஓர் இடம் வேண்டும். உடனே அறிவுரைக்குத் தாவினால் அவர் அடுத்தமுறை நம்மிடம் சொல்லாமலே நிறுத்துவார்.

மேனியா முடிந்து திரும்புபவர்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கடன், அனுப்பிய செய்திகள், முறிந்த உறவுகள் எல்லாவற்றோடும் ஒருவர் விழித்தெழுகிறார். எங்கள் அறையிலேயே அவர் யாரையாவது திட்டி எழுதியிருப்பார். அவற்றை மறைத்து வைத்துவிடுவோம், ஆளை நீக்குவதில்லை. காயப்பட்டவரிடம் தனியாகப் பேசுவோம். திரும்பி வருபவர் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை என்பது இங்கே வழக்கமாகிவிட்டது. ‘வந்துட்டீங்களா, நல்லது’ என்று யாராவது எழுதுவார்கள், பேச்சு தொடரும். வெளியுலகில் இந்தச் சலுகை அவர்களுக்கு அநேகமாகக் கிடைப்பதே இல்லை.

குடும்பத்தாரின் அறைக்குத் தனிக் கட்டுரையே எழுதலாம். அங்கே திரும்பத் திரும்ப வரும் சிக்கல் ஒரு கேள்வி: ‘மாத்திரை போட்டாயா?’ பயத்தில் கேட்கிறார்கள். கேட்கப்படுபவருக்கோ, தன் கோபம்கூட நோயின் கணக்கில் போகிறது என்று வலிக்கிறது. எனக்குத் தெரிந்து இதற்கு வேலை செய்யும் வழி, முன்பு சொன்ன அதே எழுத்துத் திட்டத்தை வீட்டிலும் போடுவது. அதோடு, எழும் நேரம், சாப்பிடும் நேரம், படுக்கும் நேரம் ஆகியவற்றை வீடே சேர்ந்து ஒழுங்காக வைத்துக்கொள்வது. பிட்ஸ்பர்க்கில் எலன் ஃபிராங்க் உருவாக்கிய சிகிச்சை முறை இந்த அன்றாட ஒழுங்கை மையமாகக் கொண்டது. ஒருவருக்கு மட்டும் விதி போடுவதைவிட எல்லோரும் பத்து மணிக்கு விளக்கை அணைப்பது எளிது.

எங்களிடம் இன்னும் தீராத சிக்கல், நலமானவர்கள் மெல்ல வராமல் போய்விடுவது. அவர்கள் எழுதி வைத்த திட்டம் பழையதாகிவிடுகிறது. கேள்வி கேட்க நியமித்த நண்பர் இப்போது தொடர்பிலேயே இல்லை, மருத்துவர் மாறியிருக்கிறார். லித்தியம் எடுப்பவர்கள் வழக்கமாக ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனையோடு தைராய்டும் சிறுநீரகமும் பார்த்தாக வேண்டும். திட்டத்தைப் புதுப்பிப்பதையும் அந்தத் தேதியோடு சேர்த்துவிடலாம் என்று ஓர் உறுப்பினர் யோசனை சொன்னார். அடுத்த தொடர் வகுப்பிலிருந்து அப்படித்தான் செய்யப்போகிறோம். தூக்கத்தைப் பற்றிய வகுப்பையும் இனி உறுப்பினர்களே எடுப்பார்கள். மருந்துக் கேள்விகள் வந்தால் பதில் சொல்ல நான் உடன் இருப்பேன்.