சுங்கை சிப்புட்டில் ஒரு தேத்தண்ணி

கோலாலம்பூருக்கு வேலைக்கு வந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. அலுவலகத்தில் பொத்தானை அழுத்தினால் காகிதக் கோப்பையில் டீ விழும். வார இறுதியில் பிரிக்பீல்ட்ஸ் போய், ஊர் டீ கிடைக்கும் என்று யார் சொன்னாலும் அந்தக் கடைக்குள் நுழைந்துவிடுவேன். பாலைக் காய்ச்சி, ஏலக்காய் தட்டிப் போட்டு நன்றாகத்தான் தருகிறார்கள். ஆனாலும் குடித்து முடித்த பிறகு, இன்னும் குடிக்கவேயில்லை போலத்தான் இருக்கும்.

மூன்று நாள் சேர்ந்தாற்போல விடுமுறை வந்தது. பேராக் மாநிலத்துக்குக் கிளம்பினேன். குவாலா கங்சாரில் ஒரு ரப்பர் மரத்தைப் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. பிரேசில் விதை லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, கன்றாக ஆசியாவுக்கு வந்தது. அப்படி வந்ததில் 9 கன்றுகளை 1877-இல் குவாலா கங்சாரில் நட்டார்கள். அவற்றில் ஒன்று இன்னும் நிற்கிறது. அதன் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தேன். எங்கள் ராமநாதபுரம் பக்கத்திலிருந்தும் எத்தனையோ குடும்பங்கள் இந்த மரத்தை நம்பித்தானே கப்பலேறின. மரத்தைப் பார்த்தாயிற்று, அந்த மனிதர்களைப் பார்க்காமல் திரும்புவது சரியில்லை என்று தோன்றியது. ஈப்போவுக்குத் திரும்பும் பஸ்ஸில் வழியிலேயே சுங்கை சிப்புட்டில் இறங்கிவிட்டேன்.

மலாயில் சுங்கை என்றால் ஆறு, சிப்புட் என்றால் நத்தை. சுற்றிலும் தோட்டங்கள். முன்பு ரப்பர், இப்போது பெரும்பாலும் செம்பனை. நடுவில் பழைய கடை வரிசை. அதில் ஒரு தமிழ்ச் சாப்பாட்டுக் கடைக்குள் போய் உட்கார்ந்தேன்.

முதலில் கண்ணில் பட்டது பெண்கள்தான். ஒரு மேசையில் அறுபது வயது அம்மா ஒருவர் தனியாக உட்கார்ந்து, டீயில் பிஸ்கட்டை நனைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இன்னொரு மேசையில் வேலை முடிந்து வந்த மூன்று பேர், காலணியைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டி, சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். எங்கள் கிராமத்தில் டீக்கடை என்பது ஆண்களின் இடம். என் அம்மா ஐம்பத்தெட்டு வயதுவரை டீக்கடை பெஞ்சில் ஒருநாள்கூட உட்கார்ந்ததில்லை. தூக்குவாளியைக் கொடுத்து என்னை அனுப்புவாள், நான் ஓரமாக நின்று வாங்கி வருவேன். இங்கே அந்த அம்மா இரண்டாவது கிளாஸுக்குக் கையைக் காட்டியதைப் பார்த்தபோது எனக்குள் ஏதோ இளகியது. என் அம்மாவை இங்கே அழைத்து வந்து உட்கார வைக்க வேண்டும்.

கல்லாவில் இருந்த அக்கா வந்து, "பசியாறிட்டீங்களா?" என்றார்.

மலேசியத் தமிழர்கள் காலைச் சாப்பாட்டைப் பசியாறுதல் என்றுதான் சொல்வார்கள். கோலாலம்பூரிலும் கேட்டிருக்கிறேன். ஆனால் என்னைப் பார்த்து யாரும் அப்படிக் கேட்டதில்லை. இல்லை என்று தலையாட்டினேன். ரொட்டி சானாய் என்ற பரோட்டாவும் தே தாரிக் என்ற ஆற்றிய டீயும் வந்தன. துணிப்பையில் இறக்கிய தூள் சாயத்தில் டின் பாலைக் கலந்து, ஒரு குவளையிலிருந்து இன்னொன்றுக்குக் கை நீள ஆற்றினார் டீ போடுகிறவர். ஆற்றுவதில் சூடும் தணிகிறது, நுரையும் பிடிக்கிறது. இனிப்பு எனக்குக் கொஞ்சம் அதிகம். "கட்டிப்பால் குறைச்சுப் போட முடியுமாக்கா?" என்று கேட்டேன்.

அக்கா சிரித்துவிட்டார். "கட்டிப்பாலா? அது எங்க ஊர்ல மங்குல கட்டிப்போற ரப்பர் பாலும்மா. அதையெல்லாம் குடிக்க முடியாது." மங்கு என்பது பால் வடிய மரத்தில் கட்டும் கோப்பை.

அப்படித்தான் பேச்சு தொடங்கியது. கடைச் சுவரில் மலேசியத் தமிழர் தலைவர் துன் சம்பந்தன் படம் இருந்தது. 1919-இல் இதே ஊரில் பிறந்தவர். வெள்ளைக்காரர்கள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுப் போனபோது, தொழிலாளர்களே காசு சேர்த்து நிலம் வாங்கட்டும் என்று 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியவர். அக்காவின் தாத்தாவும் அதில் பங்கு போட்டவராம். "அம்மாவைக் கேட்டா இன்னும் நிறைய சொல்லும். மதியம் வீட்டுக்குத்தான் போறேன், வர்றியா?" என்றார். அரைமணி நேரத்தில் 'நீங்க', 'நீ' ஆகியிருந்தது. அதுவும் எனக்குப் பிடித்திருந்தது.

தோட்டத்து வீடு. முன்பு லயம், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகள், இருந்த இடத்தில் கட்டிய சின்னச் சின்ன வீடுகளில் ஒன்று. வாசலில் கறிவேப்பிலை, பின்னால் வாழை. அக்காவின் அம்மா, எண்பதைத் தாண்டிய பாட்டி, திண்ணையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நான் இந்தியாவிலிருந்து வந்தவள் என்று அக்கா சொன்னதும், எந்த ஊர், என்ன ஜில்லா என்று பாட்டி ஆசையாக விசாரிப்பார், தன் அப்பாவின் ஊரைப் பற்றிக் கேட்பார் என்று எதிர்பார்த்தேன். பதில்களைக்கூட மனதுக்குள் தயார் செய்துகொண்டேன்.

பாட்டி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வெயில்ல வந்திருக்கே. உக்காரு, தேத்தண்ணி கலக்குறேன்."

தேத்தண்ணி.

என் அப்பத்தா அப்படித்தான் சொல்லும். முதுகுளத்தூர் பக்கத்தில் எங்கள் ஊரில் அப்போது எல்லோரும் அப்படித்தான் சொன்னோம். கருப்பட்டி போட்டு, பால் இல்லாமல், பித்தளை லோட்டாவில் கொடுக்கும். சென்னையில் கல்லூரி விடுதிக்குப் போன முதல் வாரத்தில் நான் தேத்தண்ணி என்று சொல்ல, அறையில் இருந்த நான்கு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதிலிருந்து டீ என்று மாற்றிக்கொண்டேன். அப்பத்தா போய்ச் சேர்ந்து பதினோரு வருடம் ஆகிறது. அந்த வார்த்தையும் அதோடு போய்விட்டது என்றே நினைத்திருந்தேன்.

பாட்டி இஞ்சியை நசுக்கிப் போட்டுக் கொதிக்க வைத்தார். கேமரன் மலைத் தூள்தான். 1929-இல் தொடங்கிய 'போ' தோட்டத்தின் பாக்கெட். சாயம் இறங்கியதும் வடிகட்டி, சீனி போட்டு, பால் ஊற்றாமல் கொடுத்தார். "பால் வேணுமா?" என்று கேட்கவேயில்லை.

"மரம் வெட்டுறப்ப இதுதாம்மா," என்றார். பால் வடியப் பட்டையைக் கீறுவதைத்தான் தோட்டத்தில் மரம் வெட்டுவது என்பார்கள். பிரட்டு என்பது காலையில் ஆள் கணக்கெடுப்பது, நிரை மர வரிசை, தண்டல் மேற்பார்வையாளர். "இருட்டுலயே பிரட்டுக்குப் போயி பேர் குடுத்துட்டு மரத்துக்குப் போயிடணும். குளிர்ச்சி இருக்கிறவரைக்கும்தான் பால் நல்லா ஓடும், வெயில் ஏறினா நின்னுபோகும். நானூறு மரத்தையும் வெட்டி முடிச்சா கை விட்டுப்போயிடும். அப்புறம் மங்குல பால் வடியணும்ல? அதுவரைக்கும் ஒண்ணும் செய்ய முடியாது. நிரையிலயே உக்காந்து போத்தலைத் திறந்து தேத்தண்ணி குடிப்போம். அதான் பசியாறுற நேரம். அந்த நேரத்துல மட்டும் தண்டலும் வந்து ஒண்ணும் கேக்க முடியாது."

மரம் தன் பாலைக் கொடுத்து முடிக்கும்வரை மனிதர்கள் உட்கார்ந்து குடித்த தேநீர். இதைக் கேட்ட பிறகு என்னால் அந்தக் கிளாஸை அவசரமாகக் குடிக்க முடியவில்லை.

பாட்டியின் சின்ன வயதுக் காலம் கொடியது. 1948 ஜூன் 16 அன்று இந்த ஊர் வட்டாரத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய நிர்வாகிகளைச் சுட்டுக் கொன்றார்கள். அதைத் தொடர்ந்து வந்த அவசரகாலம் 1960 வரை நீடித்தது. காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்கு உணவு போய்விடக் கூடாது என்று, வேலைக்குப் போகிறவர்களை வாசலில் நிறுத்திச் சோதனை போடுவார்கள். "சோறு கொண்டுபோக விட மாட்டாங்க. எங்கம்மா போத்தல்ல தேத்தண்ணி மட்டும் எடுத்துட்டுப் போகும். மத்தியானம் திரும்புறவரைக்கும் வயித்துக்கு அதான்." சொல்லிவிட்டு அடுத்த வெங்காயத்தை எடுத்தார்.

எனக்குத் தொண்டை அடைத்தது. பேச்சை மாற்ற நினைத்து, "இந்தியாவுக்கு ஒரு தடவை வந்து சொந்த ஊரைப் பாக்கணும்னு தோணலையா பாட்டி?" என்றேன்.

"எனக்கு இதுதாம்மா ஊரு," என்றார். கோபமெல்லாம் இல்லை. உப்பு இங்கே இருக்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னார். நான் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கக் கூடாது. மூன்று தலைமுறை இந்த மண்ணில் உழைத்தவர்களிடம் போய், உங்கள் வீடு எங்கள் பக்கம் இருக்கிறது என்று நாம் எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடுகிறோம்.

அப்புறம் வெகுநேரம் யாரும் பேசவில்லை. மழை பிடித்தது. தகரக் கூரையில் மழை விழும் சத்தத்தில் பேசவும் முடியாது. பாட்டி கேட்காமலேயே என் கிளாஸை வாங்கி மறுபடி நிரப்பினார். சுவை அப்பத்தாவின் தேத்தண்ணி போல இல்லை. கருப்பட்டியின் கரிப்பு இல்லை, இஞ்சி அடியில் காரமாக நின்றது. ஆனால் ஐந்து மாதமாக ஒவ்வொரு கடையிலும் நாக்கால் எதையோ தேடிக்கொண்டிருந்தேனே, அந்தத் தேடல் அன்று நின்றுபோனது. தோள் இரண்டும் தளர்ந்து கீழே இறங்கியதை என்னால் உணர முடிந்தது.

கிளம்பும்போது பாட்டி ஒரு கண்ணாடிப் போத்தலில் மீதித் தேத்தண்ணியை ஊற்றி, மூடி போட்டு, பழைய நாளிதழில் சுற்றிக் கொடுத்தார். "பஸ்ல குடி. சூடு நிக்கும்."

அக்கா பஸ் நிறுத்தத்தில் இறக்கிவிட்டார். கந்தான் சுண்ணாம்புக் குன்றுகள் மழையில் நனைந்து ஜன்னலோரமாகப் போய்க்கொண்டிருந்தன. போத்தல் மடியில் வெதுவெதுப்பாக இருந்தது. அம்மாவின் அழைப்பு வந்தது. எப்போதும் போல முதல் கேள்வி, "சாப்டியா?"

"பசியாறிட்டேம்மா," என்றேன்.

"என்னது?"

"தேத்தண்ணி குடிச்சேன்."

அந்தப் பக்கம் சற்று நேரம் சத்தமே இல்லை. பிறகு அம்மா மெதுவாகக் கேட்டாள்: "யாரு போட்டுக் குடுத்தா?"