ஆம்ஹர்ஸ்ட் கோட்டை: சுண்ணாம்பு பாயிண்டிங் குளிர்காலத்த தாண்டிடுச்சு!

போன செப்டம்பர்ல இங்கிலாந்துல சாத்தம் ஊர்ல இருக்கிற ஆம்ஹர்ஸ்ட் கோட்டையில வாலண்டியர் டீமோட செங்கல்லுங்களுக்கு நடுவுல சுண்ணாம்புக் கலவை பூசின (அதான் பாயிண்டிங்) சந்து எல்லாம் அப்படியே நிக்குது!! நகத்தால அழுத்தி சுரண்டிப் பார்த்தேன், ஒரு பொடி உதிரல. ஜனவரி உறைபனி அடிச்ச சுவருங்க இது, செம சந்தோஷம்.

பழைய செங்கல் ரொம்ப மெத்துனு இருக்கும், அது மேல எப்பவோ யாரோ சிமெண்ட் பூசி வச்சிருக்காங்க, உள்ள இறங்கின ஈரம் சந்து வழியா வெளிய வர முடியாம செங்கல்லயே தங்கி, பனியில உறைஞ்சு செங்கல் முகமே பேந்து வருது. பார்க்கவே வயிறு எரியுது. 1667-ல டச்சுக்காரங்க இங்க ஓடுற மெட்வே ஆத்துக்குள்ளயே வந்து இங்கிலாந்து கடற்படை கப்பலுங்கள கொளுத்தி ராயல் சார்லஸ்ங்கிற பெரிய போர்க்கப்பலயும் இழுத்துட்டுப் போனாங்கல்ல, அடுத்து எவனாவது தரை வழியா வந்து கடற்படை கப்பல் கட்டுற டாக்யார்ட பிடிச்சுடுவானோன்னு 1756-ல வெட்ட ஆரம்பிச்ச அரண் இது, நெப்போலியன் காலத்துல இன்னும் பலப்படுத்தினாங்க. அப்படிப்பட்ட சுவர ஒரு மூட்டை சிமெண்ட் தின்னுட்டு இருக்கு.

சிமெண்ட எடுக்க உளியும் சுத்தியலும்தான், அறுக்கிற கிரைண்டர் மெஷின் பக்கமே போகாதீங்க, செங்கல் ஓரம் போயிடும். சந்து அகலத்துல ரெண்டு மடங்கு ஆழம் எடுக்கணும். கலவை என்ஹெச்எல் 3.5 (தண்ணி பட்டா இறுகுற இயற்கை சுண்ணாம்பு) ஒரு பங்கு, மணல் ரெண்டரை.

ஆனா எல்லாமே கடைசியில பிரஷ் அடிக்கிற நேரத்துலதான் இருக்கு. கலவைய திணிச்சு முடிச்சதும் கை பரபரன்னு வரும், தொடவே கூடாது. சீக்கிரம் அடிச்சா சுண்ணாம்பு மேல பால் மாதிரி இழுவி செங்கல் எல்லாம் வெள்ளை அப்பிக்கும், லேட்டானா பிரஷ்ஷுக்கு மசியவே மசியாது. கட்டைவிரலால அழுத்தினா தடம் விழக்கூடாது, ஆனா நகம் வச்சா கீறல் விழணும், அதான் நேரம். இதுக்கு மணிக்கணக்கு சொல்றவங்கள நம்பாதீங்க, நிழல் சுவர் ஒரு மாதிரி, காத்து அடிக்கிற சுவர் வேற மாதிரி. கெட்டி முள்ளு பிரஷ்ஷ நேரா குத்தணும், தேய்க்கக்கூடாது. அப்படி குத்தினா மேல் தோல் போய் மணல் கண்ணு தெரியும், அந்த வழியாத்தான் சுவர் மூச்சு விடும். அப்புறம் ஈரச்சாக்கு போட்டு மூடி, காயாம தண்ணி தெளிச்சுக்கிட்டே இருக்கணும்.

மணல் விஷயம் சொல்லியே ஆகணும். பக்கத்துல ஒரு கடையில கொத்து வேலை மணல்னு கொடுத்தது மாவு மாதிரி நைஸ், வீட்டுல போட்ட சாம்பிள்லயே விரிசல் விட்டுடுச்சு. பெருசும் பொடியுமா கலந்த, கையில நறநறன்னு இருக்கிற மணல்தான் வேணும், சுண்ணாம்பு விக்கிறவங்ககிட்டயே சேர்த்து வாங்கிடுங்க.

அடுத்து சுட்ட சுண்ணாம்ப மணலோடயே நீத்து சூடா கலக்குற முறை பழகணும்னு ஆசை. நம்ம ஊர் கடுக்காய்த் தண்ணியும் ஊத்திப் பார்க்கணும், அது வீட்டுத் தோட்டத்துச் சுவர்லதான், கோட்டை பாதுகாக்கப்பட்ட சின்னம், அனுமதி இல்லாம அங்க ஒரு செங்கல்ல கூட கை வைக்க முடியாது, அதுவும் நல்லதுக்குத்தான்.

மேல் வரிசையில சிமெண்ட் இன்னும் பாதி எடுக்கல. ராத்திரி குளிர் 5 டிகிரிக்கு கீழ போறது நின்னதும் கலவைய ஆரம்பிக்கிறோம்.