ஊர் நடுநிலைப் பள்ளி நல்ல பள்ளிதானா? எதைப் பார்த்துச் சொல்வது?

பிள்ளை ஐந்தாம் வகுப்பு முடிக்கும்போது வீட்டில் இந்தப் பேச்சு கட்டாயம் வரும். படிக்கும் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியிலேயே ஆறாம் வகுப்பைத் தொடர விடுவதா, பஸ் ஏற்றி டவுன் மேல்நிலைப் பள்ளிக்கு அனுப்புவதா, கடனை வாங்கியாவது தனியார் பள்ளியில் சேர்ப்பதா? இதில் பணமும் இருக்கிறது. மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்கும், கல்லூரிக்குப் போனபின் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களுக்கும் அடிப்படை நிபந்தனை, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருப்பது (மாதத் தொகைத் திட்டங்கள் இரண்டுக்கும் அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்திருந்தாலும் செல்லும்). நடுவில் ஓரிரண்டு வருடம் மட்டும் வெளியே படித்துவிட்டுத் திரும்புகிறவர்கள் இதைப் பிறகுதான் கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள். ஆகவே பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று முடிவெடுக்காமல், பள்ளியை நாமே எடை போட்டுப் பார்ப்பது நல்லது.

முதலில், எதை நம்பக் கூடாது என்பதைச் சொல்லிவிடலாம். தேர்ச்சி விகிதம் இங்கே எதையும் காட்டாது. தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரை யாரையும் அதே வகுப்பில் நிறுத்தி வைப்பதில்லை. எல்லாப் பள்ளியும் நூற்றுக்கு நூறுதான். மதிப்பெண் அட்டையும் அரைகுறைச் சாட்சிதான். நூற்றில் 60 பருவத் தேர்வுக்கான தொகுத்தறி மதிப்பீடு, 40 வளரறி மதிப்பீடு. அந்த 40-ஐ வகுப்பாசிரியரே செயல்பாடு, சிறு தேர்வு என்று வைத்துப் போடுகிறார். பல பள்ளிகளில் எல்லாப் பிள்ளைக்கும் 35-க்கு மேல் விழுந்திருக்கும். எனவே 78 மதிப்பெண் வாங்கிய பிள்ளை எழுத்துத் தேர்வில் எவ்வளவு வாங்கியது என்பதைத் தனியாகப் பாருங்கள். சுவரில் ரயில்பெட்டி ஓவியம், ஸ்மார்ட் வகுப்பறை, வாசலில் ‘ஆங்கில வழி’ என்ற பலகை, இவற்றையும் ஓரமாக வையுங்கள். பிள்ளைகள் குறைவாக உள்ள பள்ளியில் தமிழ் வழியும் ஆங்கில வழியும் ஒரே அறையில் உட்கார, ஒரே ஆசிரியர் இரண்டுக்கும் சேர்த்து நடத்துவது சர்வ சாதாரணம்.

இனி ஆசிரியர்கள். ஆறு முதல் எட்டு வரை தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல் என்று ஐந்து பாடம். கட்டாயக் கல்விச் சட்டம் 2009 கேட்பதோ வகுப்புக்கு ஓர் ஆசிரியராவது என்ற கணக்கைத்தான்: அறிவியலுக்கும் கணிதத்துக்கும் சேர்த்து ஒருவர், சமூக அறிவியலுக்கு ஒருவர், மொழிகளுக்கு ஒருவர், 35 பிள்ளைக்கு ஓர் ஆசிரியர். சட்டப்படி எல்லாம் சரியாக உள்ள பள்ளியிலும் ஐந்து பாடத்தை மூன்று பட்டதாரி ஆசிரியர்கள்தான் பங்குபோட்டு எடுக்கிறார்கள். விலங்கியல் படித்தவர் இயற்கணிதமும் எடுப்பார். ஆங்கிலம் படித்தவர் தமிழ் இலக்கணமும் எடுப்பார். இதைக் குறையென்று சொல்லிப் பயனில்லை. ஆனால் எந்தப் பாடம் அதைப் படிக்காதவர் கையில் இருக்கிறது என்பது தெரிந்தால், வீட்டில் எதில் கூடுதல் கவனம் வைக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். பெரும்பாலும் அது கணிதமாகவோ ஆங்கிலமாகவோதான் இருக்கும்.

தலைமை ஆசிரியரிடம் “எத்தனை ஆசிரியர்?” என்று கேட்டால் அனுமதிக்கப்பட்ட பணியிடக் கணக்கைத்தான் சொல்வார். கேட்க வேண்டியது வேறு. இன்று வகுப்பில் நிற்பவர் யார்? மாற்றுப் பணியில் வேறு பள்ளிக்கோ அலுவலகத்துக்கோ போயிருப்பவர் யார்? நீண்ட விடுப்பில் இருப்பவர் யார்? காலியிடத்துக்குத் தற்காலிக ஆசிரியர் போட்டிருக்கிறார்களா, எந்த மாதத்திலிருந்து? அவர் கோபப்படாத விதத்தில் கேட்பது உங்கள் சாமர்த்தியம். கால அட்டவணை அநேகமாக அலுவலக அறைச் சுவரிலேயே ஒட்டியிருக்கும். அதில் ஒரே பெயர் ஒரே பாடவேளையில் இரண்டு வகுப்புக்கு எதிரே இருந்தால், அந்த இரு வகுப்பும் சேர்ந்து உட்காருகின்றன என்று அர்த்தம். ஆறாம் வகுப்பையும் ஏழாம் வகுப்பையும் கணிதத்துக்குச் சேர்த்து உட்கார வைக்கும் பள்ளியில் ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு வாரத்தில் பாதி நேரம் சும்மா இருப்பதே வேலை.

அடுத்தது வகுப்புவாரியான எண்ணிக்கை. நாடெங்கும் ஒவ்வொரு பள்ளிக்கும் 11 இலக்க யுடைஸ் எண் உண்டு. தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கு 33 என்று தொடங்கும். அதை வைத்து யுடைஸ் பிளஸ் இணையதளத்தில் பள்ளியின் அறிக்கையைப் பார்க்கலாம். ஐந்தாம் வகுப்பில் எத்தனை பேர், அடுத்த ஆண்டு ஆறாம் வகுப்பில் எத்தனை பேர் என்று மட்டும் ஒப்பிட்டுப் பாருங்கள். 24 பேர் இருந்த இடத்தில் 10 பேர் ஆகியிருந்தால், பள்ளியை நன்கு தெரிந்த பதினான்கு குடும்பங்கள் விலகியிருக்கின்றன. ஏன் என்று அவர்களிடமே விசாரிக்கலாம்; சில இடங்களில் டவுன் பள்ளிக்கு நேர் பஸ் விட்டதுதான் காரணமாக இருக்கும். மாறாக, சுற்றியுள்ள தொடக்கப் பள்ளிகளிலிருந்து பிள்ளைகள் வந்து ஆறாம் வகுப்பில் எண்ணிக்கை ஏறியிருந்தால் அது நல்ல அறிகுறி. ஆசிரியர் பணியிடம் ஆகஸ்ட் 1 நிலவரப்படி உள்ள மாணவர் எண்ணிக்கையை வைத்தே நிர்ணயிக்கப்படுகிறது. எண்ணிக்கை குறைந்தால் பணி நிரவலில், அதாவது உபரி ஆசிரியரைத் தேவையுள்ள பள்ளிக்கு மாற்றும் ஏற்பாட்டில், ஆசிரியர் போவார். ஆசிரியர் போனால் இன்னும் நான்கு பேர் டி.சி. வாங்குவார்கள். இந்தச் சுழலில் ஏற்கெனவே விழுந்துவிட்ட பள்ளியை நல்ல தலைமை ஆசிரியர் வந்தாலும் ஒரே வருடத்தில் தூக்கி நிறுத்த முடிவதில்லை.

இவ்வளவும் வெளி விவரம். உள்ளே படிப்பு நடக்கிறதா என்பதைப் பிள்ளைகள்தான் காட்டுவார்கள். வகுப்பறைக்குள் போய்ப் பிள்ளைகளைச் சோதிக்கும் உரிமை நமக்கில்லை, அது முறையும் அல்ல. தெருவில் தெரிந்த ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் நான்கைந்து பேர் போதும். வகுப்புத் தலைவனையும் முதல் மதிப்பெண் வாங்கும் பெண்ணையும் விட்டுவிடுங்கள். அவர்கள் எந்தப் பள்ளியிலும் படித்துவிடுவார்கள். நடுவிலும் கடைசியிலும் இருக்கும் பிள்ளைகளைப் பாருங்கள்.

பாடப் புத்தகத்தைக் கொடுக்காதீர்கள், பாதி மனப்பாடமாக வரும். அன்றைய நாளிதழில் ஒரு சிறு செய்தியைக் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். வேகம் முக்கியமில்லை. முதல் எழுத்தை மட்டும் பார்த்து மிச்சத்தைப் பிள்ளை ஊகிக்கிறதா என்று கவனியுங்கள்: ‘விவசாயி’ என்று இருப்பதை ‘விளையாடி’ என்று படித்துவிட்டு, பொருள் பொருந்தவில்லை என்ற உறுத்தலே இல்லாமல் அடுத்த சொல்லுக்குப் போகும். ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் தடுமாறுவது இன்னொன்று. ‘கொடை’யும் ‘கோடை’யும் ஒன்றாகவே வரும். வாசித்து முடித்ததும் “என்ன நடந்ததாம்?” என்று கேளுங்கள். சரளமாக வாசித்துவிட்டு ஒரு வரிகூடச் சொல்லத் தெரியாத பிள்ளைகள் இருக்கிறார்கள். அது பிள்ளையின் குற்றமில்லை. வகுப்பில் வாய்விட்டுப் படிக்க வைத்திருக்கிறார்கள், படித்ததைப் பற்றிப் பேச வைக்கவில்லை.

கணக்குக்கு நான்கு போதும். 52-லிருந்து 27 கழித்தால்? 35 என்று விடை வந்தால் பிள்ளை கடன் வாங்காமல், பெரிய இலக்கத்திலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறது. 824-ஐ 8-ஆல் வகுத்தால்? 13 என்று வந்தால் நடுவில் பூச்சியம் போட வேண்டிய இடம் தெரியவில்லை. இடமதிப்பு புரியாமல் வழிமுறையை மட்டும் கற்றிருக்கிறது. அரையும் மூன்றில் ஒன்றும் கூட்டினால் ஐந்தில் இரண்டு என்று எழுதினால், பின்னம் என்பது மேலே ஓர் எண், கீழே ஓர் எண் என்ற அளவில்தான் மனதில் பதிந்திருக்கிறது. கடைசியாக ஒரு வாய்க்கணக்கு: ஒரு முட்டை ஆறரை ரூபாய் என்றால் ஒரு டஜன் எவ்வளவு? 78 என்று விரல் விட்டாவது சொல்கிற பிள்ளைக்கு எண் பிடிபட்டிருக்கிறது.

இப்படித் தடுமாறும் பிள்ளைகள் எல்லா அரசுப் பள்ளியிலும் உண்டு, மாதம் ஆயிரக்கணக்கில் வாங்கும் தனியார் பள்ளியிலும் உண்டு. கொரோனா ஆண்டுகளில் கீழ் வகுப்பைத் தவறவிட்டவர்கள் பலர். அதைச் சரிசெய்யவே 2022-ல் ஒன்று முதல் மூன்று வகுப்புக்கு ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்தது. 2025-ல் ஆறு முதல் ஒன்பது வகுப்புக்கு ‘திறன்’ திட்டம் வந்தது. கேட்க வேண்டியது ஒன்றுதான்: அடிப்படை தெரியாமல் ஆறாம் வகுப்புக்கு வந்த பிள்ளை எட்டு முடிப்பதற்குள் தேறிவிடுகிறதா? ஆறாம் வகுப்பில் திக்கும் பிள்ளைகளும் எட்டாம் வகுப்பில் திக்கும் பிள்ளைகளும் ஒரே அளவில் இருந்தால், பள்ளி அவர்களை மூன்று வருடம் உட்கார மட்டும் வைத்திருக்கிறது. என்னைக் கேட்டால், ஒரு பள்ளிக்கு மார்க் போடுவதற்கு இதைவிடச் சரியான அளவு வேறில்லை.

நோட்டுகளை விரித்தால் இன்னும் தெரியும். கட்டுரை நோட்டு இரண்டு பிள்ளைகளுடையதை அருகருகே வையுங்கள். ‘நான் விரும்பும் தலைவர்’ இரண்டிலும் வரிக்கு வரி ஒன்றாக, அதே இடத்தில் அதே எழுத்துப் பிழையோடு இருந்தால், கரும்பலகையிலிருந்து எழுதியது. எல்லாப் பக்கத்திலும் சிவப்பு மையில் கையெழுத்து இருந்து ஒரு பிழைகூடத் திருத்தப்படாமல் இருந்தால் அது அலுவலர் ஆய்வுக்காகப் போட்ட கையெழுத்து. பிள்ளை தப்பாகப் போட்ட கணக்கு, பக்கத்தில் ஆசிரியரின் குறிப்பு, கீழே பிள்ளையே மறுபடி போட்டது என்று அசிங்கமாக இருக்கும் நோட்டுதான் நல்ல நோட்டு. வடிவியலில் காம்பஸ் ஊசி குத்திய ஓட்டை இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள்; இல்லையென்றால் வட்டத்தை வளையல் வைத்துப் போட்டிருக்கிறது.

நூலகம் என்று காட்டப்படும் பீரோவில் புத்தகங்கள் புதிதாக மின்னினால் சந்தேகப்படுங்கள். வழங்கல் பதிவேட்டில் கடைசித் தேதியைப் பார்த்தால் போதும். ஆறு முதல் ஒன்பது வகுப்புக்கு வரும் ‘தேன்சிட்டு’ இதழ் பிள்ளைகள் கையில் கசங்கியிருக்கிறதா, கட்டுப் பிரிக்காமல் மூலையில் கிடக்கிறதா என்பதும் இதே கதைதான். அறிவியலுக்கு, வானவில் மன்றக் கருத்தாளர் (பள்ளிக்கு வந்து சோதனைகள் செய்துகாட்டுபவர்) செய்துகாட்டியது எது என்று பிள்ளையிடம் கேளுங்கள், பார்த்தது நினைவிருக்கும்.

கழிப்பறையைப் பார்க்காமல் திரும்பாதீர்கள், குறிப்பாகப் பெண் பிள்ளை என்றால். ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரைதான் பெரும்பாலானோர் பருவமடையும் காலம். தாழ்ப்பாள் உள்ளிருந்து விழுகிறதா, மதியம் இரண்டு மணிக்குக் குழாயில் தண்ணீர் வருகிறதா, வாளியும் குவளையும் இருக்கின்றனவா, நாப்கினைப் போட மூடியுள்ள தொட்டி இருக்கிறதா? காலையில் எல்லாப் பள்ளியிலும் சுத்தமாகத்தான் இருக்கும், மதியம் போங்கள். பிள்ளைகள் தண்ணீர் பாட்டிலை நிறைந்தபடியே வீட்டுக்குக் கொண்டுவந்தால், கழிப்பறைக்குப் போக வேண்டியிருக்கும் என்று பயந்து குடிக்காமல் இருக்கிறார்கள்.

சாப்பாட்டைப் பற்றி ஒன்று மட்டும். காலை உணவு ஐந்தாம் வகுப்பு வரைதான். ஆறாம் வகுப்பு தொடங்கியதும் பிள்ளை வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும். மதியச் சத்துணவில் ஆறு முதல் எட்டு வரை தலைக்கு 150 கிராம் அரிசி, பள்ளி நாட்களில் முட்டை. பாதிப் பேர் வீட்டிலிருந்து டப்பா கொண்டுவந்தால் ருசி எப்படி என்று தனியாகக் கேட்க வேண்டியதில்லை.

எட்டாம் வகுப்பில் எழுதும் தேசிய வருவாய் வழி உதவித்தொகைத் தேர்வைச் சிலர் பெரிய சான்றாகச் சொல்வார்கள். தேர்வானால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். சிறு பள்ளியிலிருந்து ஆண்டுதோறும் ஓரிருவர் தேர்வாகிறார்கள் என்றால் அங்கே யாரோ ஓர் ஆசிரியர் மாலையில் உட்கார்ந்து உழைக்கிறார் என்று அர்த்தம். ஆனால் எத்தனை பேர் எழுதினார்கள் என்றும் சேர்த்துக் கேளுங்கள். எட்டாம் வகுப்பின் 20 பேரில் ஐந்து பேரை மட்டும் பொறுக்கித் தயார் செய்துவிட்டு, மிச்சப் பேரைப் பின் வரிசையில் விட்டுவிடும் பள்ளிகளும் ஃபிளெக்ஸ் வைக்கின்றன.

பள்ளிக்கு வெளியே உங்களுக்குக் கிடைக்கும் நல்ல சாட்சி, எட்டு முடித்த பிள்ளைகள் போய்ச் சேரும் உயர்நிலைப் பள்ளியின் ஒன்பதாம் வகுப்பு ஆசிரியர். நான்கைந்து நடுநிலைப் பள்ளிகளிலிருந்து வரும் பிள்ளைகளை ஒரே அறையில் பார்க்கிறவர் அவர். “எந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு மறுபடி அ, ஆ-விலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது?” என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வார். பள்ளி மேலாண்மைக் குழுவில் உள்ள தாய்மார்களிடமும் பேசலாம். உறுப்பினர்களில் முக்கால்வாசி பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்பது சட்டம். கடைசிக் கூட்டத்தில் என்ன பேசினார்கள் என்று சொல்லத் தெரிகிறதா, தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்து மட்டும் போட்டார்களா என்பது இரண்டு நிமிடப் பேச்சில் வெளியே வந்துவிடும்.

போகும் நாளும் முக்கியம். சுதந்திர தினம், ஆண்டு விழா, வட்டாரக் கல்வி அலுவலர் வரும் நாள் எல்லாம் வேண்டாம். சாதாரண செவ்வாயோ புதனோ, மதியம் இரண்டு மணிக்கு மேல் போய், தலைமை ஆசிரியரைப் பார்த்து, பிள்ளையைச் சேர்க்கும் எண்ணம் இருக்கிறது என்று சொல்லுங்கள். பெரும்பாலானோர் மகிழ்ச்சியாகச் சுற்றிக் காட்டுவார்கள். அப்போது எந்த வகுப்பில் ஆசிரியர் இல்லை, எந்த வகுப்பில் பிள்ளைகள் கேள்வி கேட்கிறார்கள் என்று நடந்தபடியே பார்த்துக்கொள்ளலாம்.

பிப்ரவரியில் பார்த்த பள்ளி ஜூனில் அப்படியே இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஆசிரியர்களுக்கான பொது மாறுதல் கலந்தாய்வு கோடை விடுமுறையை ஒட்டி நடக்கும். சில ஆண்டுகள் ஜூலை வரை இழுக்கும். நீங்கள் நம்பிய கணக்கு ஆசிரியர் சொந்த மாவட்டத்துக்குப் போயிருக்கலாம். கலந்தாய்வு முடிந்ததும் ஒருமுறை போன் போட்டு, ஆறாம் வகுப்புக்குக் கணக்கும் ஆங்கிலமும் எடுப்பவர் யார் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.